பத்தொன்பதாம் நம்பர்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன், தினமும் தங்க வயலிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் இடிபட்டுப் போய் வருகிறேன், இதையெல்லாம் நம்ப எனக்கு எங்கே நேரம்? நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரியுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

என் ஆராய்ச்சிக்காக எங்கள் ஊர் பாலகாட் பக்கம், சுரங்கக் கழிவைக் கொட்டிக் குவித்த சயனைடு மண்மேட்டின் அடிவாரத்தில் எத்தனை ஓணான்கள் இருக்கின்றன என்று கணக்கிட வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் எண்ண முடியாது, அதற்கு ஒரு வழி உண்டு. ஒரு நாள் கொஞ்சம் பிடித்து, முதுகில் நம்பர் எழுதி, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி பிடித்து, அதில் நம்பர் போட்டவை எத்தனை என்று பார்த்தால் மொத்தத்தைக் கணித்துவிடலாம். குச்சி நுனியில் நூல் சுருக்கு, வெள்ளை நெயில் பாலிஷ், ஒரு நோட்டு, இவ்வளவு போதும்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என் கணவர் தயாளனையும் இழுத்துக்கொண்டு போனேன். சுருக்குப் போட்டுப் பிடிப்பது அவர், நம்பர் எழுதுவது நான், நோட்டு அவரிடம். விட்டதும் ஓணான் உடனே ஓடாது. கண் மட்டும் உருள, கல் மாதிரி உட்கார்ந்திருக்கும், பிறகு திடீரென்று பாயும்.

"பாவம், இன்னா நடந்துச்சுன்னே அதுக்குத் தெரியல" என்று அவர் சிரித்தார்.

மதியம் மூன்று மணிக்குள் பதினெட்டு ஆகிவிட்டது. மூடிய சுரங்க ஷாஃப்ட் ஒன்றின் வேலி ஓரம், பெரிய ஆண் ஓணான் ஒன்று சிவந்த தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. அவசரத்தில் இவர், பிடிப்பதற்கு முன்பே நோட்டில் 19 என்று எழுதிவிட்டார். எழுதிய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். என் மாமனார் அந்தக் காலத்தில் சுரங்கத்தில் டோக்கன் கொடுக்கிற வேலையில் இருந்தவர். கீழே இறக்குகிற கேஜில் ஆள் ஏறாமல் நம்பரை எழுதக் கூடாது, எழுதின நம்பர் ஆள் கேட்கும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"அடிச்சிடுங்க" என்றேன்.

"உன் நோட்டு அசிங்கமாயிடும். தோ, புடிச்சினு வந்துடறேன்" என்று வேலியைச் சுற்றிப் போனார்.

ஐந்து நிமிடம் ஆனது. கூப்பிட்டுப் பார்த்தேன். வேலியைச் சுற்றி வந்தேன், ஆள் இல்லை. ஒளிய அங்கே ஒரு மரம்கூடக் கிடையாது, வேலிக்கம்பியும் எங்கும் அறுந்திருக்கவில்லை. "இன்னாங்க, இன்னாங்க" என்று கத்திக்கொண்டே மேட்டில் பாதி ஏறி, இறங்கி, மறுபடி வேலிக்கு ஓடி வந்தால், நம்பினால் நம்புங்கள், நான் மூன்று தடவை பார்த்த அதே இடத்தில் நிற்கிறார். அசையவில்லை. கண் மட்டும் உருண்டது. தோளைத் தொடப் போனேன், சடாரென்று பாய்ந்து பத்தடி ஓடி நின்று திரும்பிப் பார்த்தார்.

"நீ எங்க போய்ட்ட, எஸ்தர்?" என்றார். தொண்டை கட்டிப் போயிருந்தது. "எவ்ளோ நேரமா கத்தினு கீறேன். நான் இங்கயேதான் கீறேன், உன்னத்தான் காணோம்."

மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. நான் தேடியது அரை மணி நேரம்கூட இருக்காது. மீதி நேரம் எங்கே போனது என்று யோசிக்கிற நிலையில் அப்போது நான் இல்லை.

வீட்டுக்கு வந்து அவர் சட்டையைக் கழற்றினார். கழுத்தைச் சுற்றி, நூலால் இறுக்கியது போல் மெல்லிய சிவப்புக் கோடு. முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே, வெள்ளை நெயில் பாலிஷில் 19. சட்டையின் உள்பக்கம் ஒரு பொட்டுகூட ஒட்டவில்லை. பாட்டிலோ என் பையை விட்டு நகரவில்லை. அதைவிட, வாலை வளைக்காமல் நேராக இழுத்துவிடுகிற அந்த 9 என்னுடையது. யார் பார்த்தாலும் நான் எழுதியது என்றுதான் சொல்வார்கள். நீங்களும் அதைத்தான் நினைக்கிறீர்கள், தெரிகிறது.

பஞ்சில் ரிமூவர் தொட்டு, அழுதுகொண்டே துடைத்தேன். பிறகு என் முதுகையும் பார்க்கச் சொன்னேன். அவர் விரல் தோள்பட்டைகளுக்கு நடுவே வந்து நின்றது.

"இன்னாங்க?"

"ஒன்னும் இல்ல. மண்ணு ஒட்டினு கீது. இரு, தொடச்சி விடறேன்."

ஜில்லென்று பட்டது.

அடுத்த ஞாயிறு நாங்கள் போகவில்லை. இரண்டாவது தடவை பிடிக்காமல் முதல் கணக்கை வைத்து என்ன செய்வது என்று என் கைடு திட்டித் தீர்த்தார். ஆறு மாத வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பேத்தமங்களா ஏரியில் பறவைகளைத் தூரத்தில் நின்று எண்ணுகிறேன். எதையும் பிடிப்பதில்லை. ஒரு வாரம் விட்டுப் பிடிப்பது எங்கள் முறை, அங்கே இவரைப் பிடித்து நம்பர் போட்டவர்கள் எத்தனை நாள் விட்டுவைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. தயாளன் வேலையிலிருந்து வரப் பத்து நிமிடம் தாமதமானால் உயிரே போய்விடுகிறது.

அவருக்காக மட்டும்தான் பயப்படுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். மறுநாள் காலை குப்பை கொட்டப் போனபோது, கூடையில் இரண்டு பஞ்சுகள் கிடந்தன. நான் அவருக்குத் துடைத்தது ஒரே பஞ்சில். இரண்டிலும் வெள்ளைக் கறை இருந்தது. என்ன நம்பர் என்று இன்றுவரை நான் அவரைக் கேட்கவில்லை.