குப்பைத் தொட்டியில் முயல் முடி

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு முயல்கள் வளர்ந்தன. இரண்டும் பெட்டை என்று சொல்லித்தான் விற்றார்கள். நானும் நம்பிவிட்டேன்.

ஒரு நாள் வெள்ளை முயல் தன் மார்பு முடியைப் பிடுங்கிக் கூண்டு மூலையில் குவித்திருந்தது. வாயில் வைக்கோலைக் கவ்விக்கொண்டு அலைந்தது. சொறி என்று நினைத்து, எல்லாவற்றையும் கூட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். மறுநாளும் அதே வேலை. அதட்டிவிட்டு மறுபடியும் கூட்டினேன். பிறகு கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.

வரிசையில் ஆட்டோடு நின்ற ஒரு பெண் கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“சொறி இல்லக்கா. குட்டி போட எடம் கட்டுது. அந்த முடிய என்ன செஞ்சிய?”

“கூட்டிப் போட்டுட்டேன்.”

“அய்யோ, அது குட்டிக்குப் போடுத மெத்தைல்லா!”

டாக்டர் முயலின் வயிற்றைத் தடவிப் பார்த்து அதையே சொன்னார். வீட்டில் இருப்பது இன்னொரு பெட்டைதான் என்றேன். “அப்ப மத்தது கடுவன்தான். இன்னைக்கே பிரிச்சு வைங்க. குட்டி போட்ட கையோட மறுபடியும் சினையாயிரும்.”

வீடு திரும்பியதும் கடுவனைத் தனியாக விட்டேன். அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, தொட்டியில் கிடந்த முடியில் சுத்தமானதாகப் பார்த்துப் பொறுக்கி வைத்தேன். வெள்ளை முயல் அதைத் தொடவில்லை. மார்பில் மிச்சமிருந்ததையும் பிடுங்கிப் போட்டது.

விடிந்தபோது பெட்டியில் ஐந்து குட்டிகள் நெளிந்தன. ஆறாவது வெளியே குளிர்ந்து கிடந்தது.

ஐந்தும் பிழைத்தன. ஆறாவது ஏன் போயிற்று என்று டாக்டரிடம் நான் இன்றுவரை கேட்கவில்லை. முதல் ஈற்றில் அப்படித்தான் என்று அவர் சொல்லக்கூடும். சொல்லாமலும் போகலாம்.