தூளி ஓடிய தண்டவாளம்

மேட்டுப்பாளையத்தில் ஒற்றை வெல்டிங் மிஷினோடு பட்டறை போட்டவன் நான். மில் மூடியபோது என்னோடு வேலை பார்த்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். நான் கையில் வெல்டிங் ராடு பிடித்தேன். கடைத்தெருவில் பாதி ஷட்டர்கள் என் வேலை. இந்த மாடி வீடும் என் உழைப்பு. படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. ஆனால் நான் செய்ததிலேயே பெரியது எதுவென்று யாரும் கேட்பதில்லை.

நேற்று பெயின்ட் அடிக்க வந்தவர் கூடத்துச் சுவரைக் காட்டி, "இந்த ஓட்டைங்கள பட்டி வச்சி மூடிடட்டா, மொதலாளி?" என்றார்.

"கைய வெக்காத!" என்று கத்திவிட்டேன்.

பெயின்ட் நெடியில் எனக்குச் சானிடைசர் வாடை வந்துவிட்டது. கொரோனா நேரம். தலைப்பிரசவத்துக்கு வந்த என் மகள், குழந்தையோடு வீடு திரும்பியதும் காய்ச்சலில் விழுந்தாள். டெஸ்டில் பாசிட்டிவ். சம்பந்தியம்மா ஸ்பீக்கர் போனில் அலறினார்: "தாய்ப்பால் வேணாங்க சம்மந்தி, டப்பாப் பால ஊத்துங்க!"

மூடிய அறைக்குள்ளிருந்து மகள் கத்தினாள்: "டாக்டரே குடுன்னுட்டாங்க அத்த. மாஸ்க் போட்டு, கையக் கழுவிட்டுக் குடுக்குறேன். டப்பாவ உங்க புள்ளைக்குக் கலக்கிக் குடுங்க!"

என் பெண் அல்லவா!

ஆனால் பால் குடிக்கும் நேரம் போகக் குழந்தை வெளியே இருக்க வேண்டும் என்றாள். எனக்கும் என் மனைவிக்கும் சர்க்கரை. நாங்கள் உள்ளே வரவும் கூடாதாம். அப்படியானால் குழந்தையை யார் கொண்டுபோவது? எனக்கு மில் கேட் நினைவு வந்தது. சங்கு ஊதியதும், அங்கே வேலை பார்த்த என் அம்மா ஓடிவந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றே எனக்குப் பால் கொடுப்பாளாம். அந்தக் கம்பியையே தாண்டிய பால், ஒரு கதவைத் தாண்டாதா?

அந்த ஒரு முறை மட்டும் மாஸ்க் போட்டு உள்ளே போய், கதவைக் கழற்றித் திரை போட்டேன். நிலையின் மேல்கட்டைக்கு அடியில், கூடத்துச் சுவரிலிருந்து அறையின் எதிர்ச்சுவர் வரை, தள்ளுகதவு ஓடும் இரும்புச் சானலைச் சுவரில் ஓட்டை போட்டு மாட்டினேன். அதன் உருளைகளில் தூளியைத் தொங்கவிட்டேன்.

"பச்சப் புள்ளைய கறிக்கடை மாரி தொங்க விடுறியே, பாவி!" என்றாள் மனைவி.

முதலில் நானே தொங்கிக் காட்டினேன். உத்தரவாதம் சொல்லி விற்கிறவன் இல்லையா! சானல் அசையவில்லை, என் வேட்டிதான் அவிழ்ந்தது.

குழந்தை சிணுங்கும். மகள் உள்ளிருந்து கயிற்றை இழுப்பாள். தூளி கடகடவென்று போகும். குடித்து முடித்ததும் இந்தப் பக்கம் நாங்கள் இழுப்போம். மகளுக்குக் குணமாகும்வரை டப்பா திறக்கப்படவே இல்லை.

இப்போது சானல் பழைய இரும்புக்குப் போய்விட்டது. தூளிப் புடவை கரித்துணியாகி அதுவும் இல்லை. அந்தக் கடகட சத்தத்தை எந்தக் கடையில் வாங்குவது? பேத்தியின் காதுகுத்து விருந்தில் சம்பந்தியம்மா, "எம் மருமவ விடாம தாய்ப்பால் குடுத்தா" என்று பெருமை பேசினார். பேசட்டும். தைரியம் என் மகளுடையது; அதில் நான் பங்கு கேட்கவில்லை.

தண்டவாளம் என்னுடையது. அந்த ஓட்டைகளை மூடக் கூடாது. பேத்தி கேட்டால், "உன்ன அம்மாகிட்ட கொண்டுபோனது தாத்தா" என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.