போர்வையில் விட்டுப்போன எழுத்து

தையல் படிப்பிப்பது கதிரையில் இருந்தபடி செய்யும் சுகமான வேலை என்று நினைப்பவர்களுக்கு நான் என் முதுகைத்தான் காட்ட வேண்டும். வகுப்பெடுத்துப் பட்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சண்டைக் காலத்தில் ஒருமுறை, திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் ஒரு பழைய மண்டபத்தில், பெண்கள் ஒரு வாரம் தங்கி ஒட்டுப்போர்வை தைக்கப் பழகும் வகுப்பை என் தலையில் கட்டினார்கள். மேலே துண்டுத் துணிகளைப் பொருத்திய பக்கம், நடுவில் பஞ்சோ ஒரு துணியோ, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்தால் போர்வை. கடைசி நாளில் முடித்துக் காட்டுபவர்களுக்கு ஆளுக்கொரு தையல் மெசின் என்று வகுப்பை ஒழுங்கு செய்த கொழும்பு அம்மா சொல்லிவிட்டுப் போனார். இந்த வெக்கைக்குப் போர்வை எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தெம்பு இருக்கவில்லை.

வெட்ட மாட்டோம்

முதல் நாள் ஆளுக்கு ஒரு புதுச் சீத்தைத் துணியைக் கொடுத்து, கை அகலத் துண்டுகளாக வெட்டச் சொன்னேன். ஒருவரும் கத்தரிக்கோலைத் தொடவில்லை. நல்ல துணியை முகர்ந்து பார்ப்பதும் மடித்து மடியில் வைப்பதுமாக இருந்தார்கள். வெருகலில் இருந்து வந்த ஒரு பெண் தன் துணியின் மேல் ஏறி இருந்துவிட்டாள். வெட்டினால்தான் ஒட்டுப்போர்வை என்று தொண்டை வற்ற விளங்கப்படுத்தினேன். கிண்ணியாவில் இருந்து வந்த றகீமா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “வெட்டிப்போட்டுத் திரும்பத் தைச்சுப் போத்துறதுக்கு, வெட்டாமலே போத்தலாம்தானே டீச்சர்?”

அலுமாரி

மெசின் ஆசையில் ஒருவழியாக எல்லோரும் வெட்டித் தைக்கத் தொடங்கினார்கள். நடுவில் வைக்கப் பஞ்சு கேட்டிருந்தேன். அது வழியில் ஏதோ ஓர் ஆமிச் சென்றியில் மறிபட்டு நின்றுவிட்டது. அவரவர் வீட்டில் கிடக்கும் பழைய சேலை ஒன்று போதும், ஆனால் அவரவர் வீட்டுச் சேலையாகவே இருக்க வேண்டும் என்று கொழும்பு அம்மா சொல்லி அனுப்பினார். எல்லோரும் வீட்டுக்கு ஆளனுப்பி எடுப்பித்தார்கள், புவனேஸ்வரியைத் தவிர.

அவள் திரியாயில் இருந்து இடம்பெயர்ந்தவள். கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை. அன்புவழிபுரத்தில் தமக்கை சமைக்கும் குசினியின் ஒரு மூலையில் இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். மெசின் கிடைத்தால் தைத்துப் பிழைத்து ஒரு தனி அறைக்குப் போகலாம் என்று வந்த நாள் முதல் சொல்லிக்கொண்டிருந்தாள். மேல் பக்கத்தை எல்லோருக்கும் முந்தித் தைத்தவளும் அவள்தான். என் சேலை ஒன்றைத் தருகிறேன் என்றேன். இரவல் துணி வைத்தால் மெசினும் இரவல் மாதிரி இருக்கும் என்று மறுத்துவிட்டாள். வீட்டுச் சேலை ஒன்றுகூட இல்லையா என்று கேட்டேன். “எங்கட அலுமாரி திரியாயில நிக்குது டீச்சர்,” என்றாள்.

ரோட்டின் மறுபக்கம்

இரண்டாம் நாளில் இருந்தே சனம் எங்கள் கேற்றடியால் நடக்கவில்லை. ரோட்டின் மறுபக்கத்தால் தலையைக் குனிந்துகொண்டு போனது. பாண் விற்பவரும் வரவை நிறுத்திவிட்டார். அந்தப் பக்கம் நிழல் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் ஜீப் வந்தது. துவக்கோடு இறங்கியவர்கள் பெண்களை எழுப்பிச் சுவரோரம் நிறுத்தினார்கள். தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் என்னை வெளியே கூட்டிப்போய், கேற்றுக்கு மேலே கட்டியிருந்த துணிப் பனரை வாசிக்கச் சொன்னார். எல்லோரும் பின்வாசலால் வந்துபோனதால் நான் அதை அன்றுதான் பார்த்தேன். ‘பெண்களுக்கான ஒரு வாரப் போர்ப் பயிற்சி’ என்று பெரிய எழுத்தில் இருந்தது.

ஒரு சொல் பிழைத்தாலும் கொண்டுபோன ஆட்கள் திரும்பி வராத காலம். அது போர்வைப் பயிற்சி, ‘வை’ விட்டுப்போய்விட்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அதைத் தன் பெரியவருக்குச் சிங்களத்தில் விளங்கப்படுத்த அந்த மனுசன் பட்ட பாட்டைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அரைகுறைப் போர்வைகளை ஒவ்வொன்றாக விரித்து உதறிப் பார்த்த பிறகுதான் நம்பினார்கள். கத்தரிக்கோல்களை விசாரணைக்கு என்று எடுத்துக்கொண்டு, பனரைக் கழற்றி என் கையில் தந்தார்கள். ஜீப்பில் ஏறப் போன அந்தப் பொலிஸ்காரர் திரும்பி வந்து மெதுவாகச் சொன்னார்: “இனி மூக்குத் துடைக்கிற லேஞ்சி தைக்கப் பழக்குங்கோ டீச்சர். அதில எந்த எழுத்து விட்டாலும் பிழையில்லை.”

பெயின்ரரின் நியாயம்

பனர் எழுதியவரிடம் சண்டை பிடிக்கத்தான் போனேன். அவர் கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, நடந்ததை எல்லாம் கவலையோடு கேட்டார். பிறகு சொன்னார்: “துணியில இடம் போதாமப் போச்சு. ஒரு எழுத்துத்தானே, சனம் விளங்கிக்கொள்ளும் எண்டு விட்டனான்.”

நடுத்துணி

கத்தரிக்கோல் இல்லாமல் மிச்ச நாட்களில் நூலைப் பல்லால் கடித்தோம். எரிக்கவென்று ஒதுக்கி வைத்திருந்த பனரைத் தன் போர்வைக்கு நடுவில் வைக்கப் புவனேஸ்வரி கேட்டாள். அது வகுப்புத் துணி, தானும் வகுப்புக்காரி, ஆகவே இரவல் இல்லை என்பது அவள் கணக்கு. மறுக்க எனக்கு மனம் வரவில்லை. கொடுத்துவிட்டுப் பயந்துகொண்டிருந்தேன்.

கடைசி நாள் கொழும்பு அம்மா ஒவ்வொரு போர்வையையும் இரண்டு விரலால் அழுத்தி நடுத்துணி இருக்கிறதா என்று பார்த்தார். புவனேஸ்வரியுடையது நல்ல கனம் என்று மெச்சி மெசினைக் கொடுத்தார். அவள் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு மெசினை ஓட்டோவில் ஏற்றியபோது, வழியில் செக்பொயின்ற் இருக்கிறதே, சந்தேகப்பட்டுப் பிரித்துப் பார்த்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

“பிரிச்சா வாசிக்கட்டும் டீச்சர்,” என்றாள். “அந்த ‘வை’யை நான் சிவப்பு நூலால தைச்சுப்போட்டுத்தான் மூடினனான்.”

அந்த ஒரு வாரம் நான் படிப்பித்தது போர்வை, பட்டதெல்லாம் அதில் ஓர் எழுத்துக் குறைவு.