காட்ட மறுத்த கேமரா

பாலசமுத்திரத்திலிருந்து திருப்பதிக்கு வேலைக்குப் போன என் மகள் திடீரென்று காணாமல் போனாள். என் தம்பிக்கே அவளைக் கட்டிவைப்பதாக வீட்டில் முடிவு செய்திருந்தோம். அவளுக்கு அதில் இஷ்டமில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். பதறிப்போய் நானும் என் கணவரும் அவள் தங்கியிருந்த லேடீஸ் ஹாஸ்டலுக்கு ஓடினோம்.

வாசலில் கேமரா இருந்தது. அவள் யாரோடு, எந்த வண்டியில் போனாள் என்று அதில் பார்த்துவிடலாம். ஆனால் ஹாஸ்டலை நடத்தும் அம்மாள் காட்ட மறுத்துவிட்டார்.

"திருடன் வந்தா பாக்கறதுக்கு வெச்சதும்மா இது. புள்ளைங்கள புடிச்சிக் குடுக்கறதுக்கு இல்ல."

"பெத்தவ கேக்கறேன், எனக்குக் கூடவா காட்டக்கூடாது?" என்று அவர் காலில் விழுந்தேன்.

அவர் என்னை மட்டும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். தன் போனில் யாரையோ கூப்பிட்டு, "உங்கம்மா வந்துகீறாங்க, பேசறியா?" என்று கேட்டபிறகே என்னிடம் கொடுத்தார்.

"யம்மா, நைனா பக்கத்துல கீறாரா?"

என் மகளின் குரல். வெளியே என் கணவர், "கையில கெடச்சா வெட்டிடுவேன்" என்று கத்திக்கொண்டிருந்தார். பஸ்ஸிலும் அதையேதான் சொன்னார். கோபத்தில் பேசுகிறார் என்று நினைத்திருந்தேன். அவள் அப்படி நினைக்கவில்லை.

"இல்ல கண்ணு. எதுனா துன்னியா?" என்று மட்டும் கேட்டேன்.

வெளியே வந்து, கேமரா ரிப்பேர் என்று கணவரிடம் பொய் சொன்னேன்.

இப்போதும் எப்போதாவது பேசுகிறாள். எந்த ஊர் என்று நான் கேட்பதில்லை. பெற்றவளுக்கு அது கொடுமைதான். ஆனால் தெரிந்துகொண்டால், அவர் அடிக்கிற அடியில் என்றைக்காவது சொல்லிவிடுவேன். என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை.