அக்லாயாவின் பதினோரு வரிகள்

பர்லாட் ஊரில், பாதியில் படிப்பை விட்ட பெரியவர்களுக்கு எட்டாம் வகுப்புக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பகலெல்லாம் பிள்ளைகளிடம் கத்திவிட்டு, மாலையில் அவர்களுடைய அம்மாக்களிடமும் கத்த வேண்டும். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தவர் அக்லாயா.

ஐம்பத்திரண்டு வயது. மழலைப் பள்ளிச் சமையலறையில் ஒன்பது வருடமாகத் தற்காலிக ஆள். செப்டம்பருக்குள் எட்டாம் வகுப்புச் சான்றிதழைக் காட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும்.

கோழி, முயல் கணக்கு அவருக்கு எமனாக வந்தது. இருபது தலை, ஐம்பத்தாறு கால். எல்லாமே கோழி என்று வைத்துக்கொண்டு தொடங்கு என்பதுதான் நாங்கள் காலங்காலமாகச் சொல்லித்தரும் வழி.

"முயலைப் போய்க் கோழின்னு சொல்ல எனக்கு வாய் வரல டீச்சர்," என்றார். "பத்து பத்துன்னு போட்டுப் பாக்குறேன். கால் ஜாஸ்தியானா ஒரு முயலைக் குறைக்குறேன். சூப்புக்கு உப்பு அப்படித்தானே பாக்குறோம்?"

"உப்புக்கு யாரும் மார்க் போடறதில்ல அக்கா. உங்க கிறுக்கலை எல்லாம் வரைவுத் தாள்ல வச்சுக்குங்க. நல்ல தாள் சுத்தமா இருக்கணும்," என்றேன்.

ஜூன் பரீட்சையில் அதே மாதிரிக் கணக்குதான் வந்தது. நான் சொன்னபடியே செய்திருந்தார். நல்ல தாளில் ஒரே வரி: பன்னிரண்டு கோழி, எட்டு முயல். வரைவுத் தாளை யாரும் திருத்துவதில்லை. வழி எழுதாத விடைக்கு இருபதில் ஐந்துதான். தாளுக்குச் சும்மா தரும் பத்து மதிப்பெண்ணையும் சேர்த்து நாற்பத்தாறு. ஐம்பது வேண்டும். வரைவுத் தாளைப் பற்றிச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் நான்.

"அந்தப் பத்து எதுக்கு டீச்சர் தர்றாங்க?"

"பரீட்சைக்கு வந்து உக்காந்ததுக்கு."

"ஒன்பது வருஷமா அடுப்பு முன்னாடி நின்னதுக்கு யாரும் ஒண்ணும் போடலையே," என்றார்.

ஆகஸ்டில் மறுதேர்வு. இந்த முறை தாள் திருத்தியது நான். பத்து மேஜை, சிலவற்றுக்கு நான்கு நாற்காலி, சிலவற்றுக்கு ஆறு, மொத்தம் நாற்பத்தெட்டு நாற்காலி. அக்லாயாவின் நல்ல தாளில் பதினோரு வரிகள் மையில் இருந்தன. பத்தும் நான்கு நாற்காலி மேஜை என்று தொடங்கி, ஒவ்வொன்றாகக் குறைத்து, பத்தும் ஆறு என்பது வரை. ஐந்தாம் வரியிலேயே விடை வந்துவிட்டது: நான்கு நாற்காலி மேஜை ஆறு, ஆறு நாற்காலி மேஜை நான்கு. அதற்குப் பிறகும் ஆறு வரிகளைப் பெருக்கிக் கூட்டிப் பார்த்திருந்தார். அதிலேயே நேரம் போய்க் கடைசிக் கணக்கைத் தொடவே இல்லை.

எரிச்சலோடுதான் படித்தேன். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். வேறு எந்த விடையும் இல்லை என்பதையும் சேர்த்து நிரூபித்திருந்தார். சரியான எந்த வழிக்கும் முழு மதிப்பெண் என்று திருத்தும் விதியிலேயே இருக்கிறது. இருபதுக்கு இருபது போட்டேன். கூட்டினால் நாற்பது. சும்மா தரும் பத்தோடு சரியாக ஐம்பது.

சான்றிதழ் வாங்க வந்த அன்று மழலைப் பள்ளி ஏப்ரனோடு நின்றார். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லாத முகம்.

"விடை கிடைச்சப்புறமும் ஏன் அக்கா எழுதிக்கிட்டே போனீங்க?"

"முதல்ல சரின்னு தோணின ஆளையே கட்டிக்கிட்டேன் டீச்சர்," என்றார். "மிச்சத்தைப் பாக்கவே இல்ல."