ஆறாவது ஸ்டூலின் வேகம்

போன செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பது. என் குறிப்புத்தாளில் நேரம் எழுதியிருக்கிறது. ஒரு குடும்பத்தின் சோற்றில் நான் கைவைத்த நேரம் அது.

தொழிற்சாலைகளுக்கு யோசனை சொல்வது என் பிழைப்பு என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். விசிட்டிங் கார்டில் 'கன்சல்டன்ட்' என்று போட்டிருக்கிறேன். "அடுத்தவங்க வேலை செய்யறதைப் பார்க்கறதுதான் அப்பாவோட வேலை" என்பாள் என் மகள்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சிறிய கம்பெனி. மின்சார சுவிட்ச் பூட்டும் வேலை. நீளமான மேஜை, பன்னிரண்டு ஸ்டூல், பன்னிரண்டு பெண்கள். எல்லாரும் மண்ணூர், வல்லம் என்று சுற்றுவட்டாரம். ஒருத்தி திருகி முடித்தது அடுத்தவள் கைக்குப் போகும். எண்ணிக்கை ஏன் ஏறவில்லை? கண்டுபிடிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

ஏழாவது ஸ்டூலில் செல்வி. பத்தொன்பது வயது, சேர்ந்து ஒரு மாதம். ஸ்டாப்வாட்ச்சை அமுக்கிப் பார்த்தேன்... கையா அது! ஆனால் ஒவ்வொரு சுவிட்ச்சுக்கும் நடுவே சும்மா உட்கார்ந்திருந்தாள்.

உற்சாகத்தில் சத்தமாகச் சொன்னேன் — "எல்லாரும் இந்தப் பொண்ணைப் பாருங்க! இவளால முடியறது உங்களால ஏன் முடியல?"

சூபர்வைசர் கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

"யாருக்காகம்மா காத்துக்கிட்டு இருக்கே?" என்று செல்வியைக் கேட்டேன்.

 அவள் கண் மட்டும் ஒரு கணம் ஆறாவது ஸ்டூலுக்குப் போய்த் திரும்பியது. அங்கே மேரி. நாற்பது வயதிருக்கும். சுவிட்ச்சை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

நான் அதை நேரக் கணக்காகப் பார்த்தேன். சூபர்வைசர் வேறு விதமாகப் பார்த்தார். பதினொரு மணிக்குள் மேரியை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்தார்கள். செல்வி தூக்குப்பாத்திரத்தோடு போய் நின்றாள். யாரும் நகர்ந்து இடம் விடவில்லை.

"இங்க இன்னாத்துக்கு வந்த? உன்ன மெச்சிக்கினாரே, அந்த சாராண்ட போய் துன்னு" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கேட்டது. பெண்களுக்குள் வழக்கமான கேலி என்று நான் என் தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன்.

ஒரு மணிக்கு பெல் அடித்தது. ஏழாவது ஸ்டூல் காலி.

கழிப்பறையில் இல்லை. ஸ்டோரில் இல்லை. வாசல் வழியாகப் போகவில்லை என்றார் வாட்ச்மேன். பின்பக்கம் முள்வேலியில் ஓர் ஆள் நுழையும் சந்து. அதற்கு அந்தப் பக்கம் ஏரி. மழைக்காலம்... ஏரி நிறைந்து கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

சந்தில் நுழைந்து ஏரிப்பக்கம் ஓடினேன். எனக்கும் ஒரு பெண் இருக்கிறாளே. அதே பத்தொன்பது. அவளிடமும் ஊர் கேட்க இதே கேள்வியைத்தானே கேட்டு வருகிறேன் — 'அடுத்த வீட்டுப் பெண்ணால் முடிகிறது, உன்னால் ஏன் முடியவில்லை?'

லைனில் மூத்தவள், ஐந்தாவது ஸ்டூல்காரி, என்னோடு கரையோரம் தேடிக்கொண்டே வந்தாள்.

"மேரிக்கு ரெண்டு வருஷமா கண்ணு மங்கிப் போச்சு சார். புருஷனும் இல்ல. தெரிஞ்சா தொரத்திடுவாங்கன்னு நாங்க மொத்த லைனும் அவ வேகத்துக்கே ஓட்டிக்கினு இருந்தோம். அவ ஸ்க்ரூல பாதி நான் போடுவேன். நீங்க வந்து அர மணி நேரத்துல முடிச்சிட்டீங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"கேட்டீங்களா? உங்க கண்ணுதான் அந்த கடியாரத்துலயே கீதே."

காலையில் நான் செல்வியைப் புகழ்ந்தபோது பன்னிரண்டு முகங்கள் ஒரே நொடியில் இறுகியதை நான் பார்த்தேன். பார்த்தும் என்ன? அதைக் குறித்துக்கொள்ள என் தாளில் கட்டம் இல்லை. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாததைக் கண்டுபிடிப்பவன் கன்சல்டன்ட் என்று மேடைகளில் பேசியிருக்கிறேன். உள்ளே எல்லாருக்கும் தெரிந்த ஒன்று அவனுக்கு மட்டும் தெரியாமல் இருக்கலாம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முகத்தைப் படிப்பது வேலையில் சேர்த்தியில்லை என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

சூபர்வைசரிடம் மன்றாடினேன், மேரியைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி. "நீங்க கண்டுபிடிச்சதுதானே சார்!" என்றார், பாராட்டுகிற முகத்தோடு.

மூன்றரை மணிக்கு வாசலில் இரண்டு பேர் தெரிந்தார்கள். மேரி முன்னால் வந்தாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, முகம் வீங்கி, செல்வி. ஏரிக்கரையோடு ஓடி மண்ணூரில் மேரியின் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்திருக்கிறாள்.

மன்னிப்புக் கேட்க நான் வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். மேரி என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் நவுருங்க சார், பொண்ணு உள்ள போவணும்."

செல்வியை ஏழாவது ஸ்டூலில் உட்கார வைத்தாள். தன் ஸ்டூலில் உட்காரவில்லை. மேஜையைத் தடவிக்கொண்டே பெண்களைப் பார்த்துச் சொன்னாள்:

"எனக்காவ ரெண்டு வருஷம் வாய மூடிக்கினு இருந்தீங்க. இவளுக்காவ இன்னிக்கு அதத் தெறந்து, வாடின்னு ஒரு வார்த்த சொல்லுங்கடி."