மிதந்துபோன சட்டம்

பள்ளிக்கூடத்து உயிரியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருப்பவளுக்குப் பிள்ளைகள் வைத்த பேர் ஃபார்மலின் அக்கா. பதினோரு வருஷமாகக் கண்ணாடிப் புட்டிகளில் கிடக்கும் நட்சத்திர மீன்களைத் துடைத்து அடுக்குகிறவள். உயிரோடு ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. வருஷா வருஷம் மாணவர்கள் கடலுக்குப் போகும் பஸ்ஸில் சாமானை ஏற்றிவிட்டுக் கையாட்டுவதோடு சரி.

இந்த வருஷம் தானும் வரட்டுமா என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள். டீச்சர் ஒரு நிபந்தனை போட்டார்.

"பாறைக் குட்டையில உயிரினங்கள எண்ண நாலு சதுரச் சட்டம் வேணும். செஞ்சு எடுத்துட்டு வாங்க. நல்லா அமைஞ்சா இனிமே வருஷா வருஷம் நீங்களும் உண்டு."

பிளாஸ்டிக் குழாயை அளந்து அறுத்து, மூலைக்கு மூலை பசை போட்டு, சொட்டுத் தண்ணீர் புகாதபடி ஒட்டினாள். அங்கேதான் வந்தது வினை.

கடல் உள்வாங்கியிருந்த காலையில் முதல் சட்டத்தைக் குட்டையில் வைத்தார்கள். மிதந்தது. அமுக்கினார்கள், கையை எடுத்ததும் மேலே வந்து நின்றது. சட்டம் அடியில் படிந்தால்தானே உள்ளே இருப்பதை எண்ண முடியும்? காற்றை அடைத்து வைத்தால் எங்கே படியும்? தண்ணீர் புக ஓட்டை போட வேண்டும் என்பது ஒட்டும்போது அந்தக் கெட்டிக்காரிக்குத் தோன்றவே இல்லை.

"ஒன்றரை மணி நேரத்துல தண்ணி ஏறிடும்" என்றார் டீச்சர்.

ஓட்டை போட ஏதாவது கிடைக்குமா என்று அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒரு மாணவி பென்சிலுக்காக ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தாள்.

"அந்தக் காம்பஸக் குடும்மா."

கூர்முனையைக் குழாயில் வைத்துக் கல்லால் தட்டினாள். வளைந்தது. இன்னொருத்தி கொடுத்ததும் வளைந்தது. மூன்றாவதை நீட்டியவள், "எங்கம்மா கேட்டா நீங்களே பதில் சொல்லிக்குங்க" என்றாள். அது துளைத்தது. எதிர்ப்பக்கமும் ஒன்று போட்டதும் குழாய் களக் களக்கென்று தண்ணீர் குடித்து அடியில் போய் உட்கார்ந்தது. மற்ற மூன்றும் அப்படியே வழிக்கு வந்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கடைசிச் சட்டத்தை எண்ணும் வேலை அவளுக்கு. கல்லடியிலிருந்து ஒரு நட்சத்திர மீன் வெளியே வந்தது. நூல் நூலான கால்களை ஊன்றி, குழாய்மேல் ஏறியது.

"அது உள்ளயா வெளியயா அக்கா?" என்றான் ஒரு பையன்.

"தெரியலடா. நடக்குது பாரு" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. புட்டிக்குள் இருப்பவை ஒருநாளும் இப்படிப் போக்குக் காட்டியதில்லை. தண்ணீர் முழங்காலைத் தொட்டதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

டீச்சர்தான் கையைப் பிடித்துக் கரையேற்றினார். "அடுத்த வருஷம் ஓட்டையெல்லாம் பள்ளிக்கூடத்துலயே போட்டுட்டு வந்துடுங்க."

முதல் இரண்டு வார்த்தைக்குப் பிறகு டீச்சர் சொன்ன எதுவும் அவள் காதில் விழவில்லை.